சுயம்புராஜ் பங்கு

முள்ளிவிளையில் சாயங்காலத் தண்ணீர் திறந்ததும் லிங்கக்கனி இரண்டு தரம் வரிசையில் நிற்பாள். முதல் தரம் தனக்காக. குழாயடியில் தொங்கும் மைக்கைப் பிடித்து "லிங்கக்கனி பங்கு" என்பாள். குடம் நிறையும். அதை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு குடத்தோடு வரிசையின் வாலுக்குப் போவாள். மறுபடி அவள் முறை வரும்போது பெரும்பாலும் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். "சுயம்புராஜ் பங்கு" என்பாள். குடம் நிறையும். அதை இடுப்பில் ஏற்றித் தொட்டிப் படியில் மெல்ல ஏறி, மூடியைத் தள்ளி, சிந்தாமல் சிதறாமல் திரும்பவும் தொட்டிக்குள்ளேயே ஊற்றிவிட்டு இறங்குவாள்.

வெளியூர்க்காரன் எவனாவது பார்த்தால் கிறுக்கு என்றுதான் நினைப்பான். உள்ளூர்க்காரர்கள் அப்படி நினைத்தார்களோ என்னவோ, வாய் விட்டுச் சொன்னதில்லை.

பெட்ரோலும் டீசலும் ஆகிற எண்ணெய் கெட்டுப்போன பிறகு வந்த ஏற்பாடு இது. லாரி நின்று, பஸ் நின்று, அரிசியும் உரமும் வருவது நின்ற பின், ஒவ்வொரு ஊரும் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முள்ளிவிளைக்குக் காற்றாலைகள் இருந்தன, கிணறுகள் இருந்தன, கொஞ்சம் நஞ்சையும் நிறையச் செம்மணல் தேரிக்காடும் இருந்தன. இவற்றை வைத்து ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்று சொல்ல, பழைய பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு பச்சைப் பெட்டியைப் பொருத்தினார்கள். கிணற்று மட்டம், காற்று, மின்கலம், விளைச்சல் எல்லாவற்றிலிருந்தும் அதற்குக் கம்பி வரும். போகத்துக்கு ஒரு தரம் அது ஓர் எண்ணைச் சொல்லும். ஊரில் அத்தனை பேர்தான் இருக்கலாம். ஊர்க்காரர்கள் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்து, மழை பெய்தால் கொஞ்சினார்கள், பெய்யாவிட்டால் ஏசினார்கள். கணக்குப்பிள்ளை எதையும் காதில் போட்டுக்கொள்ளாது.

ஆளுக்கு ஓர் இடம். தினமும் பங்குத் தண்ணீர் எடுக்கிறவரைக்கும் இடம் உண்டு. ஒரு போகம் முழுக்க எடுக்காவிட்டால் பெயர் அழிந்துவிடும். வெளியே மாட்டிக்கொண்டவருக்காக அவர் வீட்டார் மட்டும் எடுக்கலாம். ஒருவர் இரண்டு தரம் எடுத்துவிடக்கூடாது என்பதற்காக, மைக்கில் சொல்லுகிற பெயர் காற்றாலைக் கம்பங்களில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்கும்.

சுயம்புராஜ் வளைகுடா நாட்டில் எண்ணெய் ஆலை ஒன்றில் வெல்டராக இருந்தான். எண்ணெய் கெட்டபோது விமானமும் கப்பலும் நின்றுவிட, அங்கே போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் போன் பேசியது. டவர்களுக்கு டீசல் இல்லாமல் அதுவும் ஊமையாவதற்கு முன் அவன் கடைசியாகப் பேசியது அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஊர்ல ஆள் கணக்கு எடுக்காவளாம்லா. எனக்கு ஒரு துண்டப் போட்டு வையி, கனி. எப்பிடியும் வந்துருவேன்."

அப்படி அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. திசையன்விளை பஸ் ஸ்டாண்டில், நிற்கக்கூட இடமில்லாத ஒரு பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தன் துண்டை எறிந்து, முன்பின் தெரியாத லிங்கக்கனிக்கும் அவள் அம்மாவுக்கும் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவன் அவன். கல்யாணப் பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

அவள் துண்டைப் போட்டாள். எடுக்கவில்லை.

தொடக்கத்தில் அவள் தனியாக இல்லை. வளைகுடாவில் மாட்டிக்கொண்டவர்களின் பெண்டாட்டிகள் ஒரு கூட்டமாக இரண்டாம் வரிசையில் நிற்பார்கள். கேலியும் சிரிப்பும் கொஞ்சம் அழுகையுமாக அது ஒரு தனிக் கச்சேரி. பங்குத் தண்ணீரை ஆள் வரும்வரை வேப்பமரத்துக்கு ஊற்றுவது என்று முதலில் வைத்திருந்தார்கள். கிணறு வற்றிய ஒரு வருஷத்தில், ஊர்ப் பொறுப்பிலிருந்த தவசிமுத்து, "இனிமே தொட்டிக்கே திருப்பி ஊத்தணும், வீணாப் போவப்படாது" என்று சட்டம் போட்டார். அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். அடுத்த வீட்டு ராசமணிதான் கடைசிவரை கூட நின்றாள். ஒருநாள் அவளும் முழங்கால் வலி, படியேற முடியவில்லை என்று சொல்லி விலகிக்கொண்டாள். நம்பிக்கை போய்விட்டது, அதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று லிங்கக்கனி நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சமைக்கப் பிடிக்காமல், பழைய சோற்றை உப்பு போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தாள். உலகத்தில் அவனுக்காகக் காத்திருப்பது தான் ஒருத்திதான் என்று அன்றுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. இடிந்துதான் போனாள். ஆனாலும் மறுநாள் போய் நின்றாள்.

அவளுக்கு ஊரில் கொடுத்திருந்த வேலை காற்றாலைகளுக்கு எண்ணெய் போடுவது. ஆமணக்கு விதையைக் காய்ச்சி, வடிகட்டி, கேனில் எடுத்துக்கொண்டு, கம்பத்துக்குள் இருக்கும் ஏணியில் ஏற வேண்டும். உச்சியில் கதவைத் திறந்தால் தெற்கே கடல் தெரியும். எப்போதாவது ஒரு கப்பல் பாய் தெரியும். கொல்லத்துக்குப் பாய்க்கப்பல்கள் வருகின்றன, போகத்துக்கு ஒன்றிரண்டு வளைகுடா ஆட்கள் அதில் வந்து இறங்குகிறார்கள் என்று உப்பு வண்டிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். போய்ப் பார்க்க மனது பறக்கும். ஆனால் மாட்டுவண்டியில் கொல்லம் போய், கப்பலுக்குக் காத்திருந்து திரும்புவதற்குள் ஒரு போகம் ஓடிவிடும். அவள் பெயரும் அழியும், அவன் பெயரும் அழியும். இருவர் பக்கமும் ரத்த உறவென்று யாரும் மிச்சமில்லை. மற்றவர்கள் அவனுக்காகப் பங்கு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அவன் வந்து நிற்கும்போது இடம் இல்லையென்றால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் கடலைப் பார்த்துவிட்டு, எண்ணெயைப் போட்டுவிட்டு, இறங்கிவிடுவாள்.

ஊர் எல்லையில் ஒரு கொட்டகை உண்டு. இடம் தேடி வருகிறவர்கள் அங்கே தங்கலாம். அடுத்த உப்பு வண்டி வரும்வரைக்கும் ஊர் கஞ்சி ஊற்றும். அதற்குள் இடம் எதுவும் காலியாகாவிட்டால் வண்டியில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும். கஞ்சி கொண்டுபோகிற முறை அந்த வாரம் லிங்கக்கனிக்கு வந்தது. கொட்டகையில் ஒரே ஒரு பெண், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சங்கவி என்று பெயர் சொன்னாள். சென்னைப் பேச்சு.

"எத்தன மாசம்?"

"எட்டு நடக்குதுக்கா. மெட்ராஸ்ல தண்ணி இல்ல, ஒண்ணும் இல்ல. ஊர் ஊரா கேட்டுக்கினே வந்தோம்."

"வந்தோம்னா?"

சங்கவி கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "வூட்டுக்காரன் தச்சு வேலை. போன ஊர்ல ஒரே ஒரு எடம்தான் இருந்துச்சு. தச்சன் வேணும்னு அவன எடுத்துக்கினாங்க. அப்பால கூப்டுக்கிறேன்னு சொல்லிக்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது. வயிறு என்னுது, எடம் அவனுது."

அழுகை எதுவும் இல்லாமல் அவள் அதைச் சொன்னது லிங்கக்கனிக்குச் சுருக்கென்றது. அந்தத் தச்சனை நினைத்து ஆத்திரம் வந்தது. கொண்டுபோன பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட வேண்டும் என்று இருந்தவள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் கஞ்சியோடு கருப்பட்டியும் போயிற்று. வேறொருத்தியின் முறைநாளிலும் லிங்கக்கனியே வாங்கிக்கொண்டு போனாள். சங்கவிக்கு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"நான் எண்ணெய் கெட்ட வருசம்தான் பொறந்தேனாம். பெட்ரோலு புளிச்சுப் போச்சுன்றாங்களே, நெசமாவா?"

"பின்ன. கடல்ல கப்பல் ஒடஞ்சு எண்ணெ கொட்டிச்சு. அதத் தின்னுததுக்குன்னு ஒரு கிருமிய வளத்து விட்டாவ. அது கடல்ல உள்ளதத் தின்னுட்டு, கரையேறி டேங்குல உள்ளதத் தின்னுட்டு, பொறவு பூமிக்குள்ளயே எறங்கிட்டு. மோரு திரிஞ்ச மாதிரி திரிஞ்சு போச்சு. எங்க அத்தான் போன்ல சொல்லுவாவ, ஆலைக்குள்ள நின்னா புளிச்ச மாவு வாடை அடிக்குன்னு."

"அவருக்கோசரம்தான் தெனம் தண்ணி எடுக்கிறீங்களா? ஸ்பீக்கர்ல கேக்கும். எல்லாப் பேரும் முடிஞ்சப்புறம் ஒரே ஒரு பேரு தனியா வரும். நான் அதுக்கோசரம் காத்துக்கினு இருப்பேன்."

"எதுக்கு?"

"யாரோ யாரையோ மறக்காம கூப்புடுறாங்க இல்ல? கேக்க நல்லாக்கீது."

இந்த ஊரில் எவரும் அந்தப் பெயரைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மைக்கில் சொல்லும்போது லிங்கக்கனியின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. படியேறி நின்று, ஊற்றாமல், குடத்துத் தண்ணீரையே பார்த்தாள். ஓர் ஆள் உயிர் வாழ்வதற்கான தண்ணீர். ஊருக்கு வெளியே ஓர் ஆள். இத்தனை வருஷமாக இல்லாத ஒருவனுக்கு இடம் வைத்துக்கொண்டு, இருக்கிற ஒருத்தியை வண்டியேற்றி விடப்போகிறோமே என்று நினைத்ததும், அந்த நினைப்பே அவனுக்குச் செய்கிற துரோகமாகப் பட்டது. குடத்தைக் கவிழ்த்துவிட்டு வேகமாக இறங்கினாள்.

மறுநாள் காற்றாலை உச்சியில் உட்கார்ந்து வாய்விட்டே அவனிடம் கேட்டாள். இதற்கு அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவன்தானே. தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். காற்றாலைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

உப்பு வண்டி வந்து சேர்ந்த அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் தவசிமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அவர் வயதாகி, காது மந்தமாகி, ஆனாலும் குழாய்ச் சாவியை வேறு யாரிடமும் கொடுக்காமல் இடுப்பிலேயே சொருகியிருப்பவர்.

"அண்ணாச்சி, அவியளுக்க எடத்த விட்டுக்குடுக்கேன். கொட்டகையில இருக்க பிள்ளைக்கு எழுதிருங்க. பொறக்கப்போறது பால்குடி மறக்குத வரைக்கும் தாய்க் கணக்குத்தான, ஒரு எடம் போதும்."

அவர் மகிழ்வார் என்று நினைத்தாள். அவர் முகம் செத்துப்போயிற்று.

"இரி கனி," என்றார். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். தானும் குடித்தார். அதற்குமேல் தள்ளிப்போட வழியில்லாமல் சொன்னார். "விட்டுக்குடுக்க அங்க எடம் இல்லம்மா."

"என்ன சொல்லுதிய?"

"கெணறு வத்துச்சுல்லா, அந்த வருசம். கணக்குப்பிள்ள எண்ணக் கொறச்சிட்டு. உள்ளூர்ல இருக்க ஆளுவளையே வெளிய அனுப்பணும்னு நெலம. யார அனுப்ப? வெளிநாட்டுல கெடக்கவங்க எடத்த எல்லாம் அழிச்சோம். யாருக்கும் எடுத்துக் குடுக்கல. எடமே இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்."

"நான் தெனமும் எடுத்தேனே. குழா தொறந்துச்சே."

"குழா தொறக்குதது என் கையி. கணக்குப்பிள்ளைக்கு அந்தப் பேரு தெரியாது. நீங்க எல்லாம் நெஞ்சொடஞ்சு செத்துருவியன்னு பயந்துட்டோம். தொட்டிக்கே திரும்ப ஊத்துனா ஒரு சொட்டு நட்டமில்ல. ஆசைக்கு நிக்கட்டும்னு விட்டோம்."

லிங்கக்கனிக்குக் காதுக்குள் காற்றாலை சுற்றுகிற மாதிரி இருந்தது. வேப்பமரத்துக்கு ஊற்றாதே என்றது அதற்குத்தானா. "மத்தவளுக்கெல்லாம்?"

"ஒவ்வொருத்தியா எடத்தக் குடுக்க வந்தாளுவ. மருமவனுக்கு, தம்பி பெண்டாட்டிக்கு. வந்தவகிட்ட சொன்னேன். நீ ஒருத்திதான் வரல."

அவள் எழுந்து வெளியே வந்தாள். ராசமணி தன் வீட்டு முற்றத்தில், முழங்காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் கீரை கையிலேயே நின்றது.

"ஒனக்கும் தெரியுமாட்டி?"

ராசமணி தலையைக் குனிந்தாள். "சொல்லக்கூடாதுன்னு ஊர்ல பேசி வச்சிருந்தாவ. நீ குடத்தோட போறதப் பாக்க முடியாமத்தான் நான் அந்த நேரத்துல கதவச் சாத்திருவேன், மதினி."

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கிறது. தினமும், ஸ்பீக்கரில், அவள் குரலை. அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எப்போதோ கொல்லத்துக்குப் போயிருப்பாளே. அவன் இறங்கினானா, இல்லையா, அங்கேயே செத்தானா, வேறொருத்தியோடு குடும்பமாக இருக்கிறானா, ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்திருப்பாளே. ஊர்க்காரர்கள் இரக்கப்பட்டு அவளைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். அவர்களை வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும் போலிருந்தது. ஏசவும் செய்தாள். ராசமணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

ஏசி முடித்ததும், எதிர்பாராத விதமாக, உடம்பு லேசாக இருந்தது. இனி எந்தச் சாயங்காலமும் அவள் குழாயடியில் நின்றே ஆக வேண்டும் என்பதில்லை. இதை நினைத்ததும் பயமாகவும் இருந்தது. அவள் திரும்பவும் தவசிமுத்து வீட்டுக்கு நடந்தாள். அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கணக்குப்பிள்ளைக்கு என் பேரு தெரியுமா?"

"ஒன் பேரு தெரியாம என்ன. நீ இருக்கியேம்மா."

"அத அழிச்சிட்டு அந்தப் பிள்ள பேரப் போடுங்க. நான் வண்டியில கொல்லத்துக்குப் போறேன்."

அவர் பதறிப்போனார். "இந்த வயசுல எந்த ஊர்ல ஒனக்கு எடம் குடுப்பான்? போனா திரும்பி வர முடியாது கனி. நல்லா யோசி."

"கடக்கரை முச்சூடும் காத்தாடி நிக்கு. எண்ணெ காய்ச்சத் தெரிஞ்சவள எவனாவது சேத்துக்கிடுவான். சேக்கலன்னா அடுத்த ஊரு."

"இங்க உள்ள காத்தாடிக்கு யாரு எண்ணெ போடுவா?"

"ராசமணி ஏறட்டும். அவளுக்கு முட்டு வலி இல்லன்னு இப்பத்தான தெரிஞ்சிது."

தவசிமுத்து சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார்.

சங்கவிக்கு விஷயத்தைப் புரியவைக்கத்தான் நேரமாயிற்று. வேண்டாம் என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஒருநாள்கூட அழாதவள் அன்றைக்கு விம்மி விம்மி அழுதாள். லிங்கக்கனி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், அடுப்பு எங்கே, விறகு எங்கே, எந்தக் குடம் ஒழுகும் என்று காட்டினாள். "ஒன் தச்சன் தேடி வந்தா வெளியவே நிக்க வச்சுப் பேசு," என்றாள். சங்கவி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"கொல்லத்துல அவரு இல்லாங்காட்டி இன்னா பண்ணுவீங்க?"

"இல்லன்னு தெரிஞ்சுக்கிடுவேன். இத்தன வருசமா அதுவும் தெரியாமத்தான இருந்தேன்."

வெயில் தாழ வண்டி கிளம்பியது. உப்பை இறக்கிவிட்ட வண்டியில் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே லிங்கக்கனி உட்கார்ந்தாள். ஆமணக்கு எண்ணெய்க் கேன் ஒன்று, சேலை இரண்டு. சுயம்புராஜின் பழைய துண்டை வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டாள். வழியனுப்ப ராசமணி எல்லைவரை வந்தாள். கொட்டகை காலியாகக் கிடந்தது.

வண்டி தேரிக்காட்டுக்குள் இறங்கும்போது ஸ்பீக்கர் கேட்க ஆரம்பித்தது. சாயங்காலத் தண்ணீர். ஒவ்வொரு பெயராகக் காற்றில் வந்தது. எல்லாம் தெரிந்த குரல்கள். தவசிமுத்து பங்கு. ராசமணி பங்கு. அவள் தன் முறைக்காகத் தன்னை அறியாமல் காது கொடுத்தாள். அந்த இடத்தில் ஒரு புதுக்குரல், கூச்சத்தோடு, "சங்கவி பங்கு" என்றது. சரி, ஆயிற்று என்று நினைத்தாள். தான் இல்லாமலும் ஊர் சாயங்காலத்தை முடித்துவிடும். அவளுக்கென்று எந்த ஊரிலும் இப்போது ஒரு குடம் தண்ணீர் கிடையாது.

பெயர்கள் எல்லாம் தீர்ந்தன. காற்றாலைகளின் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது. பிறகு, வரிசை கலைந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில், அதே சென்னைக் குரல் இன்னொரு தரம் வந்தது.

"லிங்கக்கனி பங்கு."

வண்டிக்காரர் மாட்டைத் தட்டி நிறுத்தினார். "ஒங்களத்தான ஊர்ல கூப்பிடுதாவ? திரும்பணுமா, அக்கா?"

லிங்கக்கனி ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். படியேறுகிற காலும், மூடி தள்ளுகிற சத்தமும், தண்ணீர் தொட்டிக்குள் விழுவதும் அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தன. நிறைமாசக்காரி, பார்த்து இறங்க வேண்டுமே என்று கவலைப்பட்டாள்.

"கூப்பிடல. நீங்க வண்டிய விடுங்க," என்றாள். "அவ எனக்குத் துண்டு போட்டு வைக்கா."